காய்ந்த புல்லும் ஆளி விதையும்

குதிரைக்கு ஆளி விதை கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் ரோமத்தின் பளபளப்பை மனத்தில் வைத்துத்தான் கேட்கிறார்கள். குதிரையின் முதுகும் விலாவும் வெயிலில் மின்ன வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்பு. எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் அவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது வேறொன்று: உங்கள் குதிரை தின்பது பச்சைப் புல்லா, காய்ந்த புல்லா?

புல்லில் கொழுப்பு இருக்கிறது என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. பசும்புல்லின் உலர் எடையில் 2 முதல் 3 சதவீதம் வரை கொழுப்புதான். 500 கிலோ எடையுள்ள ஒரு குதிரை, நாள் முழுவதும் மேய விட்டால், உலர் எடைக் கணக்கில் ஏறக்குறைய 10 கிலோ புல்லைத் தின்றுவிடும். ஒரு கரண்டி எண்ணெய்கூடக் கொடுக்காத நிலையில், அதன் குடலுக்குள் தினமும் 200 கிராமும் அதற்கு மேலும் கொழுப்பு போய்ச் சேர்கிறது. அதில் இருக்கும் கொழுப்பு அமிலங்களில் பாதியளவு ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். தாவரங்கள் தரும் ஒமேகா-3 இதுதான். குதிரையின் உடலால் இதைத் தானாகத் தயாரித்துக்கொள்ள முடியாது. தீனி வழியாக வந்தால்தான் உண்டு.

மேய்ந்து வாழ்வதற்கென்றே அமைந்த உடல் அது. குதிரைக்குப் பித்தப்பை கிடையாது. பித்தநீரைச் சேர்த்துவைத்து, சாப்பாடு வந்ததும் கொட்டும் ஏற்பாடு அதற்கு இல்லை. கல்லீரலிலிருந்து பித்தநீர் ஓயாமல் சிறுகச் சிறுகக் குடலுக்குள் வந்துகொண்டே இருக்கிறது. பித்தப்பை இல்லாத விலங்குக்குக் கொழுப்பு செரிக்காது என்று சிலர் உறுதியாகச் சொல்வார்கள். அது சரியல்ல. கொழுப்பு சிறிது சிறிதாக வரும் வரை குதிரை அதை நன்றாகவே செரித்துக்கொள்கிறது. திடீரென்று மொத்தமாக வந்தால்தான் திணறுகிறது.

இப்போது அதே புல்லை அறுத்து வெயிலில் உலர்த்துவோம். நார்ச்சத்து அப்படியே நிற்கிறது. தாது உப்புகளும் பெரிதாகப் போய்விடுவதில்லை. ஆனால் அந்த ஒமேகா-3 அமிலம் காற்றையும் வெயிலையும் தாங்காதது. புல் வாடத் தொடங்கும்போதே அதுவும் சிதையத் தொடங்குகிறது. கட்டிவைத்த பிறகும் சிதைவு நிற்பதில்லை. வைட்டமின் ஈ-யும் அதே வழியில் போகிறது. உலர்புல்லை மட்டுமே நம்பி லாயத்தில் நிற்கும் குதிரைக்கு வயிறு நிறையும், எடையும் ஏறும். ஒமேகா-3-உம் வைட்டமின் ஈ-யும் மட்டும் தேவைக்குக் கீழேயே கிடக்கும்.

ஆளி விதையை நான் மதிப்பது இந்த இடத்தில்தான். அதன் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் எண்ணெய். அந்த எண்ணெயில் பாதிக்கு மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். ஒமேகா-3, ஒமேகா-6 என்ற மற்றொரு வகைக் கொழுப்பு அமிலத்தைப் போல மூன்று நான்கு மடங்கு இருக்கிறது. 100 கிராம் ஆளி விதையைத் தீவனத்தில் கலந்தால், 20 கிராமுக்கு மேல் அந்த அமிலம் குதிரைக்குக் கிடைக்கிறது. புல்லிலிருந்து காணாமல் போன அதே பொருள் இது.

எண்ணெய் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து மக்காச்சோள எண்ணெயையோ சூரியகாந்தி எண்ணெயையோ ஊற்றுபவர்கள் உண்டு. ரோமம் அவற்றாலும் பளபளக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மக்காச்சோள எண்ணெயில் பாதிக்கு மேல் ஒமேகா-6. ஒமேகா-3 ஒரு சதவீதம் அளவில்தான் இருக்கும். சூரியகாந்தியில் அதுவும் இல்லை என்றே சொல்லலாம். சோயா எண்ணெயில் ஏழு சதவீதம் அளவுக்கு உண்டு. ஒமேகா-6 கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதுவும் குதிரைக்கு அவசியம். ஆனால் ஓட்ஸ், பார்லி, மக்காச்சோளம் என்று தானியம் தின்னும் குதிரைக்கு அது ஏற்கெனவே தாராளமாகக் கிடைக்கிறது. குறைவாக இருப்பதை விட்டுவிட்டு, நிறைய இருப்பதையே மேலும் ஊற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பளபளப்பை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இந்த வேறுபாடு கண்ணுக்குப் படாது.

என்னிடம் ஒரு பெண் குதிரை இருக்கிறது. செம்பழுப்பு நிறம், நல்ல குணம், மெல்லிய தோல். உலர்புல்லிலேயே காலம் தள்ளும் மாதங்களில் அவளுடைய ரோமம் மங்கும். விலாப் பக்கத்தில் தோல் வறண்டு பொடுகு உதிரும். தேய்த்துவிடும் தூரிகையில் வெள்ளைத் தூள் ஒட்டிக்கொண்டு வரும். ஆளி விதை கொடுக்கத் தொடங்கிய பிறகு, அடுத்து முளைத்த ரோமம் வேறு விதமாக வந்தது. "முளைத்த ரோமம்" என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தோலுக்கு வெளியே வந்துவிட்ட ரோமம் உயிரற்றது. தீவனத்தால் அதை மாற்ற முடியாது. இனி வருவதைத்தான் மாற்ற முடியும். ஆறு முதல் எட்டு வாரம் வரை பொறுத்துப் பார்க்காமல் பயனில்லை என்று முடிவு கட்டக் கூடாது. குளம்புக்கு இன்னும் நெடுங்காலம் ஆகும். குளம்பின் சுவர் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குள்தான் வளர்கிறது. மேல் விளிம்பில் இன்று உருவாகும் நல்ல குளம்பு தரையைத் தொட ஓர் ஆண்டுகூட ஆகலாம். எங்களுக்கு லாடம் அடிக்க வருபவர் புதிய தீவனம் எதைப் பற்றிக் கேட்டாலும், "அடுத்த வருஷம் இதே மாதம் சொல்கிறேன்" என்பார். அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இனி, எப்படிக் கொடுப்பது என்பதற்கு வருவோம். இங்குதான் மிகுந்த குழப்பம்.

ஆளி விதை சிறியது, வழுக்குவது, ஓடு கடினமானது. குதிரையின் கடைவாய்ப் பற்கள் எவ்வளவு வலிமையானவை என்றாலும், விதைகளில் ஒரு பகுதி அவற்றுக்கு நடுவே நழுவி முழுதாகவே உள்ளே போய்விடுகிறது. ஓடு உடையாத விதையின் எண்ணெய் குடலுக்குக் கிடைப்பதில்லை. முழு விதை கொடுத்த மறுநாள் லத்தியைக் கிளறிப் பார்த்தால், கொடுத்ததில் கொஞ்சம் அப்படியே கிடப்பதைக் காணலாம். ஆகவே அரைத்துக் கொடுப்பதே முறை. காபிக்கொட்டை அரைக்கும் சிறிய இயந்திரம் போதும். மாவாக்க வேண்டியதில்லை, ஓடு உடைந்து குருணையாக வந்தால் போதும்.

அரைத்த பிறகு காலம் குறுகிவிடுகிறது. உடையாத விதையை உலர்ந்த குளிர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம், ஓடு அதைக் காக்கும். ஓடு உடைந்ததும் எண்ணெயைக் காற்று தொடுகிறது. புல் காயும்போது அந்த அமிலத்துக்கு என்ன நேர்ந்ததோ, அதேதான் அரைத்த விதையிலும் நேரத் தொடங்குகிறது. அந்த மூலக்கூறில் மூன்று இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன; ஆக்சிஜன் வந்து பற்றிக்கொள்ளும் இடங்கள் அவை. ஓவியர்கள் ஆளி எண்ணெயில் வண்ணத்தைக் குழைத்ததற்கும், 1860-களில் ஃபிரடெரிக் வால்டன் அதே எண்ணெயிலிருந்து லினோலியம் தரைவிரிப்பைச் செய்ததற்கும் காரணம் இந்தக் குணம்தான். காற்றுப்பட்டால் இந்த எண்ணெய் இறுகிக் கெட்டிப்படும். துணியில் தோய்த்து மூலையில் சுருட்டிப் போட்டால், ஆக்சிஜனோடு சேரும் வேகத்தில் சூடேறித் தானாகவே தீப்பிடிக்கவும் கூடும். இவ்வளவு ஆவலாகக் காற்றோடு சேரும் பொருளை மாதத்துக்கு ஒரு முறை அரைத்து, திறந்த வாளியில் தீவன அறையில் வைத்துவிட்டு, அதிலிருந்து நன்மையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அன்றன்றைக்கு அரைப்பது சிறந்தது. முடியாவிட்டால் சில நாட்களுக்கானதை அரைத்து, காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். வெப்பத்தால் பக்குவப்படுத்தி, நீண்ட நாள் கெடாமல் இருக்கும்படி அரைத்து விற்கும் வகைகளும் உண்டு. நேரமில்லாதவர்களுக்கு அவை ஏற்றவை.

கெட்டதைக் கண்டுபிடிக்க மூக்கே போதும். நல்ல ஆளிக்கு கொட்டைப் பருப்பின் மணம். கெட்டதற்குப் பெயிண்ட் நெடி, சில சமயம் மீன் வாடை. குதிரை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டால் கட்டாயப்படுத்தாதீர்கள். வெல்லப்பாகைக் கலந்து ஏமாற்றவும் வேண்டாம். கொட்டிவிட்டுப் புதிதாக அரையுங்கள்.

எண்ணெயாகவே வாங்குபவர்களுக்கு ஒரு கடும் எச்சரிக்கை. வன்பொருள் கடைகளில் மரச் சாமான்களுக்குப் பூச விற்கும் ஆளி எண்ணெயை எந்தக் காரணம் கொண்டும் குதிரைக்குக் கொடுக்காதீர்கள். அதில் "காய்ச்சியது" என்று எழுதியிருப்பதைப் பார்த்து, சுத்தமாக்கியது என்று எண்ணிவிடக் கூடாது. விரைவில் உலர்வதற்காக அதில் கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோக உப்புகளைச் சேர்க்கிறார்கள். அது விஷம். தீவனத்துக்கென்றே குளிர்முறையில் பிழிந்து, ஒளி புகாத புட்டியில் வருவது மட்டுமே குதிரைக்கானது.

அடுத்தது சயனைடு பயம். இதைப் பற்றிக் கேட்காதவர்கள் குறைவு. பயத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஆளி விதையில் லினுஸ்டாட்டின், நியோலினுஸ்டாட்டின் என்ற சேர்மங்கள் இருக்கின்றன. அதே விதையில் அவற்றை உடைக்கும் நொதியும் தனியாக இருக்கிறது. விதையை நசுக்கி ஈரமாக்கினால் இரண்டும் சந்தித்து, ஹைட்ரஜன் சயனைடு உருவாகும். ஆனால் அந்த நொதி அமிலத்தில் செயலிழந்துவிடும். குதிரை தின்றாலும் தின்னாவிட்டாலும் அதன் இரைப்பையில் அமிலம் சுரந்துகொண்டேதான் இருக்கிறது. அரைத்த விதை நேரே அந்த அமிலத்துக்குள் போகும்போது நொதிக்கு வேலை செய்யும் வாய்ப்பு மிகக் குறைவு. மாடுகளின் கதை வேறு. அவற்றின் முதல் வயிறு வெதுவெதுப்பானது, ஈரமானது, அமிலம் குறைந்தது. நொதிக்கு உகந்த இடம். அசைபோடும் விலங்குகளுக்கான எச்சரிக்கையைக் குதிரைக்கும் அப்படியே பொருத்திவிட்டோம் என்றே நான் கருதுகிறேன்.

பழைய கால லாயங்களில் ஆளி விதையை மணிக்கணக்கில் வேகவைத்து, கூழாக்கி, ஆறவைத்துக் கொடுத்தார்கள். கொதிக்கும்போது நொதி அழிகிறது. ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடும் என்பதால், உருவானதும் பறந்துபோகும். அந்தக் கூழின் வழவழப்பு விதையின் மேலோட்டில் உள்ள பசையிலிருந்து வருவது. இரைப்பைக்கு இதமானது என்று இன்றும் சிலர் விரும்பிச் செய்கிறார்கள். செய்யலாம். ஆனால் கட்டாயமில்லை. கூடாதது இவ்விரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒரு வழிதான்: அரைத்த விதையை வெதுவெதுப்பான நீரில் இரவெல்லாம் ஊறவைத்துக் காலையில் கொதிக்க வைக்காமல் கொடுப்பது. நொதி விரும்பும் எல்லாவற்றையும் நாமே அமைத்துக் கொடுத்ததாகிவிடும். நான் அரைத்ததைத் தீவனத்தில் போட்டு, தூள் பறக்காமலும் தொண்டையில் அடைக்காமலும் இருக்கும் அளவுக்குத் தண்ணீர் தெளித்து, உடனே கொடுத்துவிடுகிறேன்.

அளவைப் பொறுத்தவரை, 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் என்பது நல்ல தொடக்கம். சிலர் 200, 250 கிராம் வரை போகிறார்கள். எந்த அளவானாலும் முதல் நாளே முழுவதையும் கொட்டக் கூடாது. ஒரு கரண்டியில் தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் மெல்ல ஏற்ற வேண்டும். கொழுப்பைச் செரிக்கும் நொதிகளின் சுரப்பு கூடுவதற்கு அந்த அவகாசம் தேவை. செரிக்காத கொழுப்பு பெருங்குடலுக்குப் போனால், அங்கே நாரைச் செரித்து வாழும் நுண்ணுயிர்கள் பாதிக்கப்படும், லத்தி இளகும்.

பாஸ்பரஸ் பற்றிய கவலையையும் நிறையக் கேட்டிருக்கிறேன். ஆளி விதையில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது என்பது உண்மை. குதிரையின் மொத்தத் தீனியில் கால்சியமே கூடுதலாக இருக்க வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் ஆளியில் இருக்கும் பாஸ்பரஸ் ஒரு கிராமைக்கூட எட்டாது. வேலையில்லாமல் நிற்கும் 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவதே 14 கிராம் பாஸ்பரஸும் 20 கிராம் கால்சியமும். தானியமும் தவிடும் ஏராளமாகத் தின்னும் குதிரைக்கு மேலும் அதிகமாக ஆளி சேர்த்தால் கவனிக்க வேண்டியதுதான். நல்ல உலர்புல் தின்னும் குதிரைக்கு ஒரு கைப்பிடி ஆளியால் சமநிலை குலையாது.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வைட்டமின் ஈ. ஏனென்றால் யாரும் அதைப் பற்றிக் கேட்பதே இல்லை. உடலுக்குள் போன பிறகும் ஒமேகா-3 அமிலம் ஆக்சிஜனால் சிதையக்கூடியதே. அதைக் காப்பது வைட்டமின் ஈ. எளிதில் சிதையும் கொழுப்பை எவ்வளவு சேர்க்கிறோமோ, அவ்வளவுக்கு இந்தக் காவலும் கூட வேண்டும். உலர்புல் தின்னும் குதிரைக்கு அது ஏற்கெனவே பற்றாக்குறை. எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 சர்வதேச அலகு (IU), அதாவது 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 500 முதல் 1,000 அலகு வரை வைட்டமின் ஈ வேண்டும். ஆளியைத் தொடங்கும்போதே இதையும் தொடங்குவது நல்லது. வாங்கும்போது செலினியம் என்ற தாது கலந்த வைட்டமின் ஈ-யா, தனி வைட்டமின் ஈ-யா என்று பார்த்து வாங்குங்கள். செலினியத்தில் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. வேறு தீவனங்களிலும் அது இருந்தால் எல்லாம் சேர்ந்து அளவை மீறிவிடும். இரத்தப் பரிசோதனையில் இரண்டின் அளவையும் கால்நடை மருத்துவரால் பார்த்துச் சொல்ல முடியும்.

பூச்சிக்கடி ஒவ்வாமையால் பிடரியையும் வாலடியையும் இரத்தம் வரும்வரை தேய்த்துக்கொள்ளும் குதிரைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும். குலிகாய்டஸ் என்ற மிகச் சிறிய பூச்சி கடிப்பதால் வருவது அது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் இந்த ஒவ்வாமையுள்ள 6 குதிரைகளுக்கு 42 நாட்கள் அரைத்த ஆளி விதை கொடுத்துப் பார்த்தார்கள். ஆய்வு 2002-இல் வெளியானது. பூச்சியின் சாற்றைத் தோலில் ஏற்றிச் சோதித்தபோது வந்த தடிப்பின் பரப்பு, ஆளி தின்ற காலத்தில் குறைந்திருந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் ஆறே குதிரைகள். அவர்கள் கொடுத்த அளவும் பெரியது: எடையில் கிலோவுக்கு ஒரு கிராம், அதாவது 500 கிலோ குதிரைக்கு அரை கிலோ. அதற்கு முன்பு ஆளி எண்ணெயை வைத்து நடத்திய வேறோர் ஆய்வில் அரிப்பில் தெளிவான வேறுபாடு தென்படவில்லை. எனவே இந்தத் தொல்லை உள்ள குதிரைக்கு ஆளி கொடுங்கள், ஆனால் பூச்சி நுழையாத போர்வையையும், பூச்சிகள் மொய்க்கும் அந்தி நேரத்தில் லாயத்துக்குள் கட்டுவதையும் விட்டுவிடாதீர்கள்.

குடலில் சேர்ந்த மணலை ஆளி வெளியேற்றும் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. அதற்கு இசப்கோல் இருக்கிறது, அதைவிட முக்கியமாக, மணல் தரையில் தீனி போடாமல் இருப்பது இருக்கிறது. அதே போல, தசை வளர்வதற்காக ஆளியின் புரதத்தை நம்ப வேண்டாம். குதிரைக்கு முதலில் தட்டுப்படும் லைசின் என்ற அமினோ அமிலம் அதில் சோயாவைவிடக் குறைவு. எண்ணெய் எடுத்த பிண்ணாக்கை வாங்குபவர்களும் யோசிக்க வேண்டும். செக்கில் பிழிந்த பிண்ணாக்கில் ஓரளவு எண்ணெய் தங்கும். கரைப்பான் கொண்டு எடுத்ததில் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சுவதில்லை. நாம் தேடுவது அந்த எண்ணெயைத்தான்.

கொழுத்த குதிரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆளி விதையில் மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகக் குறைவு. இன்சுலின் கோளாறு உள்ள குதிரைக்குத் தானியத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் கொழுப்பு கொழுப்புதான். கழுத்தின் மேல் திமில்போல் கொழுப்பு திரண்டு, விலா எலும்பைத் தடவிக் கண்டுபிடிக்க முடியாத குதிரைக்கு 250 கிராம் கொடுப்பதில் அர்த்தமில்லை. அதற்கு 50 கிராம் போதும், அதுவும் மருத்துவர் சம்மதித்தால்.

மூட்டுவலிக்கு ஆளி உதவுமா என்பது கடைசியாக வரும் கேள்வி. என்னிடமுள்ள வயதான ஆண் குதிரைக்காக இதை நான் நிறைய யோசித்திருக்கிறேன். மூட்டு அழற்சியைத் தணிப்பதாகக் கருதப்படுபவை இபிஏ, டிஹெச்ஏ என்ற நீண்ட சங்கிலி ஒமேகா-3 அமிலங்கள். மீனிலும் கடற்பாசியிலும் கிடைப்பவை. ஆளியில் அவை இல்லை. ஆளியில் இருக்கும் அமிலத்தை அவையாக மாற்றும் திறன் குதிரைக்கு உண்டு, ஆனால் மிகக் கொஞ்சம். ஆளி தின்ற குதிரையின் இரத்தத்தில் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் நன்றாக ஏறுகிறது. டிஹெச்ஏ அவ்வளவாக ஏறுவதில்லை. அதனால் அவனுக்கு ஆளியோடு கடற்பாசியிலிருந்து எடுத்த டிஹெச்ஏ தூளையும் சேர்க்கிறேன். மருத்துவர் சொன்ன மாத்திரையை நிறுத்தவில்லை. காலையில் லாயத்தை விட்டு வெளியே வரும்போது முன்னங்கால்களை எப்படி வைக்கிறான் என்று தினமும் பார்த்துக் குறித்துவைக்கிறேன். மருத்துவர் அடுத்த முறை வரும்போது அந்தக் குறிப்பைத்தான் முதலில் கேட்பார்.